‘உங்களை எழுப்புங்கள்’ என்று யாரும் சொல்வதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில் வாரந்தோறும் வெளிவரும் பிரெஞ்சுப் பாடத்தை முதல் வாரத்திலிருந்தே படித்து, கத்தரித்து, ஓசூரில் பதினொன்றாம் வகுப்பில் பிரெஞ்சு எடுத்திருக்கும் என் பேத்திக்குக் கொடுத்துவருகிறேன். சென்ற வாரம் வெளியான ஏவல் வினைப் பாடத்தைப் பற்றியே இந்தக் கடிதம். செயல் செய்பவரிடமே திரும்பி வரும் வினைகளை, அதாவது ‘ஸெ’ என்ற சொல்லை முன்னே வைத்துக்கொண்டு நடக்கும் வினைகளை, ஏவலில் எப்படிச் சொல்வது என்பதை விளக்கும் அந்தப் பாடத்தில் மூன்று பிழைகளும், அவற்றோடு சில சிறு தவறுகளும் இருக்கின்றன. மூன்றில் ஒன்றை அச்சுப்பிழை என்று விட்டுவிடலாம். மற்ற இரண்டும் பிள்ளைகளின் வாயில் ஏறிவிட்டால் இறக்குவது கடினம்.

பிரெஞ்சுச் சொற்களைத் தங்கள் இணைப்பில் உள்ளபடியே தமிழெழுத்தில் எழுதுகிறேன். ‘தெ’, ‘ஸெ’, ‘நெ’ ஆகியவற்றில் வரும் எகரம் நம் எகரம் அன்று. இதழை லேசாகக் குவித்து, ஒலித்தும் ஒலிக்காமலும் விட்டுவிடும் ஒரு மெலிந்த ஒலி. இந்த மெலிவைப் பற்றிக் கீழே மறுபடி பேச வேண்டியிருக்கிறது.

முதலில் பாடம் சரியாகச் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். ‘ஸெ லெவே’ என்றால் எழுந்திருத்தல். அந்த ‘ஸெ’யின் இடத்தில், நீ என்றால் ‘தெ’, நீங்கள் என்றால் ‘வூ’, நாம் என்றால் ‘நூ’ என்ற பெயர் வரும். உடன்பாட்டு ஏவலில் வினை முன்னும் இந்தப் பெயர் பின்னும் நிற்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு கோடு போட வேண்டும். ‘தெ’ என்பது ‘துவா’ ஆகிவிடும். ஆகவே ஒருவனைப் பார்த்து எழு என்பதற்கு ‘லேவ்-துவா’, எழுந்திருங்கள் என்பதற்கு ‘லெவே-வூ’, எழுவோம் என்பதற்கு ‘லெவோன்-நூ’. எதிர்மறையில் பெயர் மீண்டும் வினைக்கு முன்னே போய்விடும்; கோடும் போய்விடும்; ‘துவா’ பழையபடி ‘தெ’ ஆகும். ‘நெ தெ லேவ் பா’ என்றால் எழாதே. ‘நெ வூ லெவே பா’ என்றால் எழாதீர்கள். ‘நெ’வும் ‘பா’வும் வேலியின் இரண்டு கம்பங்களைப் போல நிற்க, பெயரும் வினையும் உள்ளே அடைபட்டுக் கிடக்கும். இவ்வளவும் பாடத்தில் இருக்கிறது, சரியாகவே இருக்கிறது.

அச்சுப்பிழை என்று நான் விட்டுவிடுவது, எழுது முறையில் ‘லேவ்’ என்பதன் கடைசியில் ‘எஸ்’ எழுத்தைச் சேர்த்துப் போட்டிருப்பது. அகராதி வடிவம் ‘இ, ஆர்’ என்ற இரண்டு எழுத்துகளில் முடியும் வினைகளில், ஏவல் ஒருமைக்கு அந்த ‘எஸ்’ கிடையாது. நாம் ‘எழுகிறாய்’ என்பதில் உள்ள விகுதியை எல்லாம் உதறிவிட்டு ‘எழு’ என்று பகுதியை மட்டும் நிறுத்துகிறோம் அல்லவா, அதைப் போலத்தான் இது. ஆனால் உட்கார் என்பதற்கான ‘அஸியே-துவா’, பேசாதே என்பதற்கான ‘தே-துவா’ ஆகிய வேறு வகை வினைகளில் அந்த ‘எஸ்’ அப்படியே தங்கும். காதுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. தேர்வுத் தாளில் மட்டும் தெரியும்.

இரண்டாவது பிழை, பயிற்சியின் விடைப் பகுதியில் ‘லேவ்-துவா’ என்பதற்கு மாற்றாக ‘தெ லேவ்’ என்றும் சொல்லலாம் என்று போட்டிருப்பது. சொல்லக் கூடாது. அது வெறும் இலக்கண வழு என்பதற்காக இதை எழுதவில்லை. பேச்சுப் பிரெஞ்சில் எதிர்மறையின் முன்கம்பமான ‘நெ’ பெரும்பாலும் விழுந்துவிடும். ‘தெ லேவ் பா’ என்றாலே எழாதே என்று பொருள். இன்னும் ஒரு படி மேலே போய், கவலைப்படாதே என்பதற்கு உரிய ‘நெ தேங்க்யேத் பா’ என்ற தொடர், இளைஞர்களின் வாயில் முன்னும் பின்னும் தேய்ந்து ‘தேங்க்யேத்’ என்று மட்டும் நிற்கிறது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் அது ‘கவலைப்படு’ என்று ஆக வேண்டும். ஆனால் எந்தப் பிரெஞ்சுக்காரரும் அதை அப்படிக் கேட்பதில்லை. பெயர் வினைக்கு முன்னே நிற்பதே எதிர்மறைக்கு அடையாளமாகிவிட்டது. எனவே வகுப்பில் ஒரு மாணவி ‘தெ லேவ்’ என்று தொடங்கினால், கேட்பவர் ‘பா’ எப்போது வரும் என்று காத்திருப்பார். எழு என்று சொல்ல வந்தவள் எழாதே என்பதில் பாதியைச் சொல்லி நிற்கிறாள்.

இந்த இடமாற்றத்துக்குத் தமிழில் இணை இல்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். நாம் ‘எழு’ என்பதை ‘எழாதே’ ஆக்கும்போது மாற்றம் எல்லாம் சொல்லின் வாலிலே நடக்கிறது, எதுவும் இடம்பெயர்வதில்லை. ஆகவே இதைப் பிள்ளைகள் புதிதாக, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் பழக வேண்டும். ஆனால் ‘தெ’ ஏன் ‘துவா’ ஆகிறது என்பதற்குப் பாடம் சொல்லும் காரணம், ‘துவா’ கொஞ்சம் மரியாதையானது என்பது, தவறு. மரியாதைக்கு ‘வூ’ இருக்கிறது. ‘தெ’வும் ‘துவா’வும் இரண்டுமே நீதான். காரணம் ஒலியில் இருக்கிறது. பிரெஞ்சில் ஒரு சொற்கூட்டத்தின் அழுத்தம் அதன் கடைசி அசையில் விழும். மேலே சொன்ன மெலிந்த எகரம் அந்த அழுத்தத்தைத் தாங்காது. அதனால் கடைசிக்கு வரும்போது அந்த இடத்தில் திடமான உயிரொலி உள்ள ‘துவா’ வந்து உட்கார்கிறது. அதே மெலிந்த எகரம் உயிரெழுத்தின் முன் வந்தால் முற்றிலும் மறைந்து மெய் மட்டும் மிஞ்சும்: ‘நெ தெ அஸியே பா’ என்பது ‘நெ தஸியே பா’ ஆகும். உயிர் வந்தால் குற்றியலுகரம் தான் ஏறியிருக்கும் மெய்யை விட்டு ஓடும் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முப்பது ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தவள் நான். இதைப் பார்த்தவுடன் பழைய சிநேகிதியைச் சந்தையில் பார்த்ததுபோல் இருந்தது.

இனி மூன்றாவது பிழைக்கு வருகிறேன். ‘லெவே-வூ’ என்பதற்குப் பாடத்தில் ‘உங்களை எழுப்புங்கள்’ என்று பொருள் கொடுத்து, அடைப்புக்குள் ‘அதாவது எழுந்திருங்கள்’ என்று போட்டிருக்கிறார்கள். ‘லாவ்-துவா லே மேன்’ என்பதற்கு ‘உன்னைக் கழுவு, கைகளை’ என்று போட்டுவிட்டு, இது பிரெஞ்சு மொழியின் வினோதமான வழக்கம் என்று ஒரு குறிப்பும் இருக்கிறது. இந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததே. ஆங்கிலப் பாடநூலில் உள்ள விளக்கத்தைத் தமிழில் எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலத்துக்கு வினோதமாகத் தெரிவது தமிழுக்கும் வினோதமாகத் தெரிந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

தமிழில் ‘கொள்’ என்ற துணைவினை இருக்கிறது. கழுவு, கழுவிக்கொள், துடை, துடைத்துக்கொள், சீவு, சீவிக்கொள், ஒளித்துவை, ஒளிந்துகொள். செய்த வேலையின் பயன் செய்தவரிடமே வந்து சேர்கிறது என்று காட்டுவதே இந்தக் ‘கொள்’ளின் முதல் வேலை. பிரெஞ்சின் ‘ஸெ’ செய்வதும் அதுவே. ‘காஷே’ என்றால் ஒளித்துவைத்தல். ‘ஸெ காஷே’ என்றால் ஒளிந்துகொள்ளுதல். கண்ணாமூச்சி ஆடும் குழந்தையிடம் ‘காஷ்-துவா’ என்றால் அது நம் ‘ஒளிஞ்சுக்கோ’வேதான். இதை ‘உன்னை ஒளித்துவை’ என்று எந்தத் தாயும் சொல்லமாட்டாள்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பேத்தி விடுமுறைக்குக் காவேரிப்பட்டணம் வந்திருந்தாள். மாம்பழக் காலம். திண்ணையில் உட்கார்ந்து ஒரு பெங்களூராவைத் தோலோடு கடித்துத் தின்றுகொண்டே தங்கள் இணைப்பை மடியில் விரித்து, ‘கைகளைக் கழுவு’ என்பதற்கு விடை எழுதப் பார்த்தாள். ‘லாவ் தே மேன்’ என்றாள், அதாவது ‘உன் கைகளைக் கழுவு’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து. வழு என்று அடித்துவிட முடியாது. ஆனால் பிரெஞ்சுக்காரர் இயல்பாகச் சொல்வது ‘லாவ்-துவா லே மேன்’ என்றுதான். அவளுடைய முழங்கைவரை சாறு வழிந்துகொண்டிருந்தது. ‘போய்க் கையைக் கழுவிக்கோ’ என்றேன். போனாள், கழுவினாள், திரும்பி வந்தாள். ‘நான் உன்னிடம் என்ன சொன்னேன்?’ என்று கேட்டேன். ‘கையைக் கழுவிக்கோன்னு சொன்னே, ஆயா’ என்றாள். ‘உன் கையை என்று சொன்னேனா?’ கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு நோட்டை எடுத்து, ‘தே’யை அடித்துவிட்டு ‘துவா லே’ என்று எழுதினாள்.

இதில்தான் விஷயம் இருக்கிறது. ஆங்கிலம் ‘யுவர்’ என்று உடைமையைச் சொல்லி, யாருடைய கை என்று தெரிவிக்கிறது. தமிழும் பிரெஞ்சும் கை என்று மட்டும் சொல்லிவிட்டு, யாருடையது என்பதை வினையின் பக்கமாகக் காட்டுகின்றன. தமிழ் ‘கொள்’ போட்டு, பிரெஞ்சு ‘துவா’ போட்டு. குழந்தைக்கு நாம் கழுவ வேண்டியிருந்தால் தமிழில் ‘அவனுக்குக் கையைக் கழுவிவிடு’ என்போம். பிரெஞ்சில் ‘லாவ்-லுய் லே மேன்’. ‘லுய்’ என்றால் அவனுக்கு. அந்த நான்காம் வேற்றுமை இடத்தில்தான் ‘லாவ்-துவா லே மேன்’ என்பதில் ‘துவா’ நிற்கிறது: உனக்கு. ஆகவே பாடம் சொல்வதைப்போல் அது ‘உன்னை’ இல்லை. வெறும் ‘லாவ்-துவா’ என்று நின்றால் மட்டுமே அது இரண்டாம் வேற்றுமை. 2020-இல் கொரோனாக் காலத்தில் பிரெஞ்சு அரசு ஒட்டிய சுவரொட்டிகள் சிலவற்றிலும் கைகழுவச் சொன்ன வாசகம் ‘லாவே-வூ’ என்று தொடங்கி ‘லே மேன்’ என்று முடிந்தது. ‘உங்கள் கைகள்’ என்ற உடைமைச் சொல் அதில் இல்லை.

இன்னும் ஒன்று. தன்வினை, பிறவினை என்று நாம் பிரிப்பதைப் பிரெஞ்சு ‘ஸெ’யைக் கொண்டு பிரிக்கிறது. நில், நிறுத்து, எழு, எழுப்பு, திரும்பு, திருப்பு என்று நாம் சொல்லையே மாற்றுகிறோம். பிரெஞ்சு பிறவினையை அடிப்படையாக வைத்துக்கொண்டு ‘ஸெ’ சேர்த்துத் தன்வினை ஆக்குகிறது. ‘ரேவேய் தோன் ஃப்ரேர்’ என்றால் உன் தம்பியை எழுப்பு. ‘ரேவேய்-துவா’ என்றால் விழித்துக்கொள். ‘அரேத் லா வுவாத்யூர்’ என்றால் வண்டியை நிறுத்து. ‘அரேத்-துவா’ என்றால் நில். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ஸ்டாப்’ ஒன்றே. ‘வாஷ்’, ‘ஹைட்’ ஆகியவையும் அப்படியே. ஆங்கிலம் வழியாக வரும் மாணவர் ‘துவா’வை மறந்துவிடுவதற்குக் காரணம் அவருடைய சோம்பல் அன்று, அவர் வந்த வழியில் அந்த வேறுபாடே இல்லை. தமிழ் வழியாக வருபவருக்கு அது தாய்ப்பாலோடு வந்தது. நில்லுக்கும் நிறுத்துக்கும் உள்ள வேறுபாட்டை மூன்று வயதில் அறிந்த ஒரு பிள்ளைக்கு அதை மறக்கடித்துவிட்டுப் பதினாறு வயதில் வினோதம் என்று காட்டுகிறோம்.

கிருஷ்ணகிரி 2004-இல் தனி மாவட்டமாவதற்கு முன், ஒன்றாக இருந்த தர்மபுரி மாவட்டத்தில், தேன்கனிக்கோட்டை, தளி, ஓசூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் பல ஆண்டுகள் தமிழ் கற்பித்தேன். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், கால்வாசி கன்னடம். ‘கொள்’ளை அவர்களுக்கு விளக்க நான் இலக்கணப் புத்தகத்தைத் திறந்ததே இல்லை. ‘உங்கள் அம்மா சோறு போடும் முன் என்ன சொல்வாள்?’ என்று கேட்பேன். தெலுங்குப் பிள்ளைகள் ‘சேத்துலு கடுக்கோ’ என்பார்கள். கன்னடப் பிள்ளைகள் ‘கை தொள்கோ’ என்பார்கள். தமிழ்ப் பிள்ளைகள் ‘கையைக் கழுவிக்கோ’ என்பார்கள். மூன்றிலும் கடைசியில் அதே ‘கோ’. மூன்றிலும் ‘உன்’ கிடையாது. உட்காரச் சொல்வதற்குத் தெலுங்கில் ‘கூர்ச்சோ’, கன்னடத்தில் ‘கூத்கோ’, எங்கள் பக்கத்துத் தமிழில் ‘குந்திக்கோ’. இன்றைக்கு அதே ஓசூரில் பிரெஞ்சு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த மூன்று மொழிகளில் ஒன்றைத்தான் வீட்டில் பேசுகிறார்கள். அவர்களிடம் ‘அஸியே-துவா’ என்பதற்கு ‘உன்னை உட்காரவை’ என்று சொல்லிக்கொடுப்பதைவிட, ‘குந்திக்கோ’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். பிறகு எந்த விளக்கமும் வேண்டியதில்லை.

எனக்கு இது பிடிபட்டதும் ஒரு ‘குந்து’வில்தான். திருமணமான புதிதில் சில ஆண்டுகள் புதுச்சேரியில் குடியிருந்தோம். அப்போதுதான் மாலை வகுப்பில் சேர்ந்து பிரெஞ்சு படித்தேன். எதிர்வீட்டில் ஒரு முதியவர் இருந்தார். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் பெறுபவர். அந்தத் தெருவில் அவரைச் ‘சொல்தா’ என்றே அழைப்பார்கள். யார் படியேறினாலும் ‘அஸேயே-வூ, குந்துங்க’ என்று ஒரே மூச்சில் சொல்வார். வகுப்பில் அந்த ‘வூ’ எழுவாயா, செயப்படுபொருளா என்று இரண்டு வாரம் குழம்பியிருந்த எனக்கு, அந்த வாசற்படியில் தெளிந்தது. பிரெஞ்சு தெரியாதவர்களுக்கும் தெரிந்த ‘பார்லே-வூ ஃபிரான்ஸே?’ (பிரெஞ்சு பேசுவீர்களா?) என்ற கேள்வியில் ‘வூ’ எழுவாய், நீங்கள். ‘அஸேயே-வூ’ என்ற ஏவலில் எழுவாய் தோன்றவே இல்லை, நம் ‘குந்துங்க’வில் தோன்றாததைப் போல, அங்கே பின்னால் நிற்கும் ‘வூ’ நம் ‘கொள்ளுங்கள்’ செய்யும் வேலையைச் செய்கிறது. எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று, வேலை வேறு. தங்கள் பாடத்தில் இதைத் தொடவே இல்லை. பிள்ளைகள் கேள்விக்குறியையும் ஆச்சரியக்குறியையும் பார்த்து அர்த்தம் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டிருப்பது போதாது.

‘கொள்’ இன்னும் எவ்வளவு தூரம் கூட வருகிறது என்பதையும் பாருங்கள். ‘ஸெர்வீர்’ என்றால் பரிமாறுதல்; விருந்தினரிடம் ‘ஸெர்வே-வூ’ என்றால் ‘நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்’. ‘ரெபோஸ்-துவா’ என்றால் ‘ஓய்வெடுத்துக்கொள்’. ‘ஸூவியேன்-துவா’ என்றால் ‘நினைவில் வைத்துக்கொள்’. இவை தன்னிடம் திரும்புபவை. ஒருவருக்கொருவர் என்ற பொருளும் ‘ஸெ’வுக்கு உண்டு, ‘கொள்’ளுக்கும் உண்டு. ‘பாத்ர்’ என்றால் அடித்தல். சண்டையிடும் இரண்டு பிள்ளைகளைப் பார்த்துப் பிரெஞ்சுத் தாய் ‘நெ வூ பாத்தே பா’ என்பாள். தர்மபுரித் தாய் என்ன சொல்வாள்? ‘அடிச்சுக்காதீங்கடா’ என்பாள். அடி, கொள், எதிர்மறை, பன்மை என்று உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பார்த்தாலும் ஒன்றும் மிச்சமும் இல்லை, குறைவும் இல்லை. ‘டா’ மட்டும் நம்முடையது. ஆங்கிலத்தில் இதற்கு வேறொரு சொல்லைத் தேடிப் போக வேண்டும்.

இதைச் சொல்லும்போதே எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் நானும் ஒரு தவறான பாடத்தை நடத்தியவள் ஆவேன். எல்லா இடத்திலும் ‘கொள்’ளும் ‘ஸெ’யும் கைகோத்து வருவதில்லை. கற்றுக்கொள், ஒத்துக்கொள் என்று நாம் சொல்லும் இடங்களில் பிரெஞ்சு ‘அப்ரான்’, ‘அக்ஸெப்த்’ என்று வெறும் வினையோடு நின்றுவிடும். ‘துவா’ சேர்த்தால் பிழை. மாறாக, அவசரப்படு என்பதற்கான ‘தேபேஷ்-துவா’, பேசாமலிரு என்பதற்கான ‘தே-துவா’ ஆகியவற்றில் நமக்குக் ‘கொள்’ தேவையில்லை; அவர்களுக்கு ‘துவா’ இல்லாமல் முடியாது. இவற்றை ஒரு பட்டியலாக மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. ஆனால் பட்டியல் சிறியதாகிவிடும். நூறு வினைகளையும் வினோதம் என்று எண்ணிக் கற்பதும், எண்பதைத் தெரிந்தவை என்று ஏற்று மிச்சத்தை மட்டும் கற்பதும் ஒன்றா? (எண்பது என்பது ஒரு பேச்சுக்குத்தான், நான் எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை.)

‘லெவோன்-நூ’ வடிவத்தைப் பற்றி ஒரு வரி. பிரெஞ்சில் நாம், நாங்கள் என்ற வேறுபாடு இல்லை, இரண்டுக்கும் ‘நூ’வே. ஏவலில் மட்டும் அது எப்போதும் ‘நாம்’. பாடத்தில் ‘நாங்கள் எழுவோம்’ என்று போட்டிருக்கிறது. கேட்பவரை வெளியே நிறுத்திவிட்டு அவரை எழச் சொல்ல முடியாது. திருத்திவிடுங்கள்.

பாடம் விட்டுவிட்ட ஒரு வினையையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கிறேன், ஏனெனில் அது கதைகளிலும் நாடகங்களிலும் அடிக்கடி வரும்: ‘ஸான் அலே’, போய்விடுதல். இதில் ‘ஸெ’யோடு ‘ஆன்’ என்ற இன்னொரு சிறுசொல்லும் ஒட்டிக்கொண்டு வரும். உடன்பாட்டு ஏவலில் ‘துவா’வுக்கு இங்கே இடமில்லை, ‘ஆன்’ உயிரில் தொடங்குவதால் ‘தெ’ தன் எகரத்தை இழந்து ‘வா-தான்’ ஆகும். பன்மையில் ‘அலே-வூ-ஸான்’. தமிழ்க் காதுக்கு இந்த ‘வா-தான்’ செய்யும் விளையாட்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேட்பதற்கு ‘வா’, பொருளோ ‘போய்விடு’. அதன் எதிர்மறை இன்னும் வேடிக்கை: ‘நெ தான் வா பா’. போய்விடாதே என்று பொருள். கொஞ்சம் வேகமாகச் சொன்னால் ‘நீதான் வாப்பா’ என்று யாரோ திண்ணையிலிருந்து கூப்பிடுவதைப் போலவே இருக்கும். வெறும் ஒலி ஒற்றுமைதான், வேறொன்றும் இல்லை. ஆனாலும் என் பேத்திக்கு இந்த வடிவம் மட்டும் ஒரே முறையில் மனத்தில் நின்றுவிட்டது. பாடம் எழுதுபவருக்கு இது பயன்படலாம்.

அறிவிப்புப் பலகைகளையும் சமையல் குறிப்புகளையும் பற்றிப் பாடத்தின் கடைசியில் இரண்டு வரி இருந்தது. அது நன்றாக இருந்தது. அங்கெல்லாம் ஏவலுக்குப் பதில் வினையின் அகராதி வடிவத்தையே பிரெஞ்சு பெரும்பாலும் பயன்படுத்தும் என்பதும், அப்போது ‘ஸெ’ ‘ஸெ’யாகவே நிற்கும் என்பதும் சரி. நம் பலகைகளில் ‘கைகளைக் கழுவவும்’ என்று உம் போட்டு முகமில்லாமல் எழுதுவதோடு அதை ஒப்பிட்டிருந்தால் இன்னும் தெளிவாகியிருக்கும்.

இவ்வளவு நீளமாக எழுதியதற்குக் காரணம், இந்தத் தொடரில் அடுத்து இறந்தகாலம் வரப்போவதாகத் தாங்கள் அறிவித்திருப்பது. ‘உன்னை’, ‘உனக்கு’ என்ற வேறுபாட்டை இப்போது சரிசெய்யாவிட்டால் அங்கே போய் இடிக்கும். அவள் குளித்தாள் என்ற பொருளில் ‘எல் ஸே லாவே’ என்று எழுதும்போது கடைசியில் பெண்பால் காட்டும் ஒரு ‘இ’ எழுத்தைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். ‘எல் ஸே லாவே லே மேன்’, அவள் கையைக் கழுவிக்கொண்டாள், என்று எழுதும்போது சேர்க்கக் கூடாது. முதலாவதில் ‘ஸெ’ இரண்டாம் வேற்றுமை. இரண்டாவதில் நான்காம் வேற்றுமை, ஏனெனில் இரண்டாம் வேற்றுமையின் இடத்தைக் கைகள் எடுத்துக்கொண்டுவிட்டன. ஒலியில் வேறுபாடே இல்லாத இந்த ‘இ’ எழுத்துக்காகப் பிள்ளைகள் தேர்வில் மதிப்பெண் இழக்கிறார்கள். ஏவல் பாடத்தில் ‘உன்னைக் கழுவு, கைகளை’ என்று படித்த பிள்ளை இங்கே ‘இ’யைச் சேர்க்கத்தான் செய்யும். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆகவே, இறந்தகாலப் பாடம் வெளியாகும் முன், சென்ற வாரப் பாடத்தின் விடைப் பகுதிக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ‘தெ லேவ்’ நீக்கப்பட வேண்டும்; ‘உங்களை எழுப்புங்கள்’ என்பதும் ‘உன்னைக் கழுவு, கைகளை’ என்பதும் எடுத்துவிட்டு எழுந்திருங்கள், கையைக் கழுவிக்கொள் என்று இயல்பான தமிழில் இட வேண்டும்; ‘நாங்கள் எழுவோம்’ என்பது ‘நாம் எழுவோம்’ ஆக வேண்டும். பேத்தியின் நோட்டில் அந்தப் பக்கத்தை ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது. இப்போதைக்கு ஓரத்தில் பென்சிலால் திருத்தியிருக்கிறேன். திருத்தம் அச்சில் வந்தால் கத்தரித்து அதன் மேலேயே ஒட்டிக்கொள்கிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
காவேரிப்பட்டணம்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.